படைக்காத பொங்கலும் என் ஞாயிறு பாடமும்

கடவுள் இல்லையென்றால் நல்லது கெட்டது என்று ஒன்று உண்மையிலேயே இருக்குமா, அல்லது எல்லாம் அவரவர் விருப்பம்தானா? இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பதில் தெரியாமலேயே பிள்ளைகளுக்கு இதைப் பாடமாக எடுத்தேன் என்பதை நினைத்தால்தான் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில், மூன்று வீடு தள்ளி ஓர் ஆன்டி இருக்கிறார். பெட்டாலிங் ஜெயாவில் வேலை முடிந்து நான் ரயிலில் திரும்பும்வரை என் ஏழு வயது மகள் அவர் வீட்டில்தான் இருப்பாள். நாங்கள் கிறிஸ்தவர்கள், சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். ஆன்டியோ வெள்ளிக்கிழமை தவறாமல் பொங்கல் வைத்துப் படைப்பவர். முதல் வாரமே தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்னம்மா, பாத்துக்கலாம்" என்றார்.

படைக்கும் முன் பானையிலிருந்து எடுப்பது அவர் வழக்கத்துக்கு ஆகாது. அதனால் மகளுக்கென்று சின்னச் சட்டியில் தனியாகப் பொங்கல் வைத்தார். இரண்டு வருடமாக வெள்ளிதோறும் அந்த வீட்டில் இரண்டு பொங்கல். அது ஒரு வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது நான்தான். இந்த வருடம் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். கடவுள் இல்லாவிட்டால் சரியும் தவறும் டுரியான் பழம் மாதிரி, சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு மூக்கைப் பொத்த வேண்டும், அவ்வளவுதான் என்று அங்கே விளக்கினார்கள். எனக்கு அது நன்றாகப் புரிந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து குறிப்பெடுத்து, ஏழு வயதுக்குப் புரிய வேண்டுமே என்று சுருக்கினேன். சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் வகுப்பில் சொன்னது இது: "இயேசுவைத் தெரியாதவங்களுக்கு எது நல்லது, எது கெட்டதுன்னு தெரியாது." பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். என் மகள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் பையில் இன்னொரு பிள்ளையின் அழிப்பான் இருந்ததை ஆன்டி பார்த்துவிட்டார். நாளைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும், அடுத்தவர் பொருளை எடுப்பது தப்பு என்று சொல்லியிருக்கிறார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் இயேசு இல்லையே. அம்மா சொன்னாங்க, உங்களுக்கெல்லாம் நல்லது கெட்டது தெரியாதாம்" என்றிருக்கிறாள் மகள்.

அன்று மாலை நான் போய்க் கதவைத் தட்டியபோது ஆன்டி இதை அப்படியே சொல்லிக் காட்டினார், அவள் குரலிலேயே. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "சாமி இல்லாத வீடாம்மா இது? பாரு, ஒரு சுவரே நிறைஞ்சு கிடக்கு."

நான் அவசரமாக, "சாரி ஆன்டி, பிள்ளை மரியாதை இல்லாம பேசிட்டா, நான் கண்டிக்கிறேன்" என்றேன்.

"அவள ஏன் கண்டிக்கணும்? சொல்லிக் கொடுத்ததத்தானே சொன்னா." சிரிப்பு நின்றுவிட்டது. "நீயும் அப்படித்தான் நினைக்கிறியா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இல்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை நான் பிள்ளைகளிடம் சொன்னது என்ன? "அது வந்து ஆன்டி..." என்று இழுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி விடும்மா. இனிமே அவளுக்குச் சாப்பாடு நீயே டப்பாவுல போட்டு அனுப்பிடு. எனக்கெதுக்கு வம்பு."

நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். "ரொம்ப யோசிக்காத லா. ஒரு கேக் வாங்கிட்டுப் போய்க் கொடு, எல்லாம் சரியாயிடும்" என்றார். வாங்கிக்கொண்டு போனேன். ஆன்டி நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆராதனை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் பாஸ்டரைப் பிடித்தேன். "நீங்க சுருக்கினதுலதான் சிக்கல், சிஸ்டர். அவங்களுக்கும் நல்லது கெட்டது தெரியும். ஏன்னா கடவுள்தான் அதை எல்லார் மனசுலயும் வெச்சிருக்கார். தெரியிறது வேற, எங்கேருந்து வருதுங்கிறது வேற" என்றார்.

"அப்ப நான் போய், ஆன்டி, நீங்க நல்லவங்கதான், ஆனா அது எங்க கடவுள் போட்டதுன்னு சொல்லவா, பாஸ்டர்?"

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லிடாதீங்க." அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. சபைக்குள் உண்மையாக இருப்பதை மூன்று வீடு தள்ளிச் சொல்ல முடியாதென்றால், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம். ஆன்டியின் வாசலில் நின்றபோது நான் செய்தது தவறு என்று எனக்குத் தெரிந்தது. அது என் விருப்பமோ அவர் விருப்பமோ இல்லை, தவறேதான். ஜெபித்துத் தெரிந்துகொண்டதும் இல்லை. ஆன்டிக்கும் அது தெரிந்திருந்தது. அப்படியானால் சரியும் தவறும் உண்மையாகவே இருக்கின்றன. அதில் என் விசுவாசத்துக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவை அந்தச் சுவர் நிறைந்த சாமிகளுக்கு நடுவிலும் உறுதியாக இருக்கின்றன என்றால், இயேசு எனக்குத் தருவது என்ன என்று என் மகளுக்கு எப்படிச் சொல்வேன்? மன்னிப்பு என்று சொல்லலாமா? அந்த வாசலில் அதைக் கேட்க வேண்டியவளே நான்தான். எங்கே நினைக்க ஆரம்பித்தாலும் அந்த வாசலிலேயே வந்து நிற்கிறேன்.

மூன்று வாரமாக மகள் டப்பாச் சாப்பாடுதான் சாப்பிடுகிறாள். "ஆன்டி என்மேல கோவமாம்மா?" என்று கேட்கிறாள். இல்லை, என்மேல்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தச் சனிக்கிழமை கேக் எதுவும் இல்லாமல் ஆன்டியைப் பார்க்கப் போகலாம் என்றிருக்கிறேன். அவரிடம் பொய் சொல்லக் கூடாது, என் விசுவாசத்தையும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுப் பேசக் கூடாது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒரு நிலையில் நின்றிருந்தால், முதல் வாக்கியமாக என்ன சொன்னீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.