களிம்பு பிடித்த தோட்டாக்கள்

ஆட்டுத்தோல் கட்டு வந்து இறங்கினால் மேலே இருக்கும் நாலு தோலை நான் பார்ப்பதே இல்லை. மேலே நல்லதைத்தான் வைப்பான். நடுவில் கையை விட்டு ஒன்றை உருவி, கத்தி பட்ட இடத்தை ஒட்டி மறைத்திருக்கிறானா, எடைக்காக உப்போடு மண்ணைச் சேர்த்திருக்கிறானா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் பச்சைத்தோல் தரம் பிரிக்கும் மேஸ்திரியாக இருந்தேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தியைக் கழற்றி ஆணியில் மாட்டவா முடியும்? மோர்க்காரியையும் சந்தேகப்படுவேன், பங்காளியையும் சந்தேகப்படுவேன். "மாதா கோயில் பூசையில சாமியாரு குடுக்குற அப்பத்தயாவது மோந்து பாக்காம வாங்குங்க" என்பாள் என் மனைவி.

ஏலகிரி அடிவாரத்தில் எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் கடலைக்கொல்லை இருந்தது. காய் பிடிக்கும் நேரத்தில் மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கி உழுதுவிட்டுப் போய்விடும். தகரத்தைத் தட்டினால் கொஞ்ச நாள் பயப்படும், அப்புறம் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே தின்னும். தொடர்ந்து இரண்டு போகம் இப்படிப் போனதில் கொல்லையை விற்றுவிடலாம் என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்தால் கொல்லை நிற்கும். நான் போட்ட மனுக்கள் தள்ளுபடியாகி வந்தன. தோல் உரிக்கிற சாதிக்குத் துப்பாக்கி எதற்கு என்று தாலுகா கச்சேரியில் யாரோ சொன்னதாகக் கேள்வி. சொன்னது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அது வேறு கதை.

கடைசியில் வேலூர் டிப்டி கலெக்டரை நேரில் பார்த்தேன். "பன்னியச் சுடறேன்னு பக்கத்துக் கொல்லக்காரனச் சுட்டுட்டா யார் பதில் சொல்றது?" என்று கேட்டார். குறி தவறமாட்டேன் என்றேன். அவர் சிரித்தார். சத்துவாச்சாரி மலையடியில் வருஷா வருஷம் துப்பாக்கிப் போட்டி நடக்கும். அறுநூறு கெஜம் தூரம், ஆளுக்கு ஏழு குண்டு. அதில் ஐந்தைக் கறுப்பு வட்டத்துக்குள் போட்டால் தானே சிபாரிசு எழுதுவதாகச் சொன்னார். எங்கள் முதலாளி சாயபுவிடம் நல்ல ரைபிள் ஒன்று இருந்தது. அவருடைய லைசென்ஸில் ஏவலாள் என்று என் பெயரும் உண்டு, அதனால் நானும் அதைத் தொடலாம். அதை ஊரைவிட்டு வெளியே அனுப்பாதவர், போட்டிக்கு மட்டும் தருவதாக ஒப்புக்கொண்டார்.

மீதி இருந்தது தோட்டா. அறுநூறு கெஜத்தில் கறுப்பு வட்டம் ஒரு மிளகு அளவுதான் தெரியும். அவ்வளவு தூரத்துக்கு வேகமான தோட்டா வேண்டும் என்பார்கள். நான் அதை நம்பவில்லை. வேகம் முக்கியமில்லை, ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கவேண்டும். சென்னைக் கடையில் முதலில் காட்டியது முனையில் ஈயம் தெரிகிற வேட்டைத் தோட்டா. பன்றிக்கு நல்லது, ஆனால் பெட்டியில் உருண்டாலே மூக்கு நசுங்கும். நசுங்கிய மூக்கு காற்றில் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? முழுக்க நிக்கல் உறை போட்டதைக் கேட்டேன். அதிலும் கடைக்காரன் புதுச் சரக்கோடு பழையதைக் கலந்து நீட்டினான். ஒவ்வொன்றின் அடியையும் வெளிச்சத்தில் திருப்பி முத்திரை பார்த்து, ஒரே முத்திரை உள்ளவற்றைப் பொறுக்கினேன். ஊருக்கு வந்து பத்தர் தராசில் நிறுத்தேன். எடை ஒத்துப்போனவற்றை மட்டும் போட்டிக்கு வைத்தேன். "தாலிக்குத் தங்கம் எடுக்கறப்ப கூட இவ்ளோ பாக்கல" என்றாள் மனைவி.

பொறுக்கி எடுத்ததை எங்கே வைப்பது? ஷாப்பில் வைத்தால் காவல்காரன் மாற்றுவான், வீட்டில் வைத்தால் மச்சான் எடுப்பான். நானே ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதம் செய்த மாட்டுத்தோலில் பெல்ட் தைத்து, தோட்டாக்களை அதில் வரிசையாகச் செருகினேன். மேலே மூடி போட்டு, கயிறு முடிந்து, முடிச்சில் அரக்கு வைத்தேன். தினம் காலையில் எழுந்ததும் அரக்கு உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதை வேலைக்குக் கட்டிக்கொண்டு போவேன். ஐப்பசி மழையிலும் கழற்றவில்லை.

அரக்கோணத்து ரயில் டிரைவர் ஒருவர், சட்டைக்காரர் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்தியர், முதலாளியிடம் பூட்ஸ் தோல் வாங்க வருவார். அவரும் போட்டிக்காரர்தான். அவருடைய ரைபிளும் எங்களுடையதும் ஒரே ரகம், ஒரே தோட்டா போகும். கோப்பை அவருக்குத்தான் என்று வேலூரில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் இடுப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மேஸ்திரி, தோட்டாவ தோல்ல வெக்காத. ஆவாது."

தோலைப் பற்றி எனக்கே பாடமா என்று பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் தொரை, என் தோலு இன்னா கெட்டுப்போச்சா?" என்றேன். அவர் வாங்கிய தோலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுதடவை வந்தபோது சின்ன அட்டைப்பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். அஞ்சு தோட்டா.

"நான் போடறதும் இதேதான். வெச்சிக்கோ."

போட்டியில் எதிரே நிற்கிறவன் எதற்காகத் தோட்டா தருவான்? மருந்தைப் பாதி கொட்டிவிட்டுக் குண்டைத் திரும்ப அழுத்தியிருப்பான் என்று முடிவு கட்டினேன். முதலாளி பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்கவும் முடியவில்லை. போட்டியன்று திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பிரிக்காமலே பையில் போட்டேன்.

அன்றைக்குச் சுடும் இடத்தில் எனக்கு அடுத்த பாய் அவருக்கு. நான் குப்புறப் படுத்து, அரக்கை உடைத்து, மூடியைத் திறந்தேன். தோட்டா முழுக்கப் பச்சைக் களிம்பு. முதலில் தோன்றியது யாரோ எதையோ தடவிவிட்டார்கள் என்றுதான். அரக்கு அப்படியே இருந்தது. தடவ ஆளே இல்லை. ஆவாரம்பட்டைச் சாறும் மழை ஈரமும் என் வியர்வையும் சேர்ந்து பித்தளையைத் தின்றிருந்தன. பட்டைத் தொட்டியில் பித்தளைச் செம்பை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவன்தான் நான். ஆனால் என் கண் முழுக்க அரக்கின் மேலேயே இருந்தது.

வேட்டியில் துடைத்து முதல் தோட்டாவைப் போட்டேன். குண்டு கறுப்புக்கு வெளியே போயிற்று. காலிக் கூடு உள்ளே இறுகிக்கொண்டது, இழுத்து எடுக்கவே போதும் போதுமென்றாகிவிட்டது. இரண்டாவது முழுதாக உள்ளேயே போகவில்லை. அதையும் கணக்கில் கழித்துவிட்டார்கள். மிச்சம் ஐந்து. ஐந்தும் கறுப்பில் விழவேண்டும். ஒன்று தப்பினால் கொல்லை போச்சு. அப்பா அங்கே வேப்பமரத்தடியில் தலைப்பாகையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றார்.

பக்கத்துப் பாயிலிருந்து, "பொட்டலத்தப் பிரி மேஸ்திரி" என்றார் டிரைவர்.

வேறு வழி இல்லை. பிரித்து, ஒவ்வொன்றையும் காதருகே குலுக்கிப் பார்த்துத்தான் போட்டேன். ஒன்று விழுந்தது. இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் கறுப்பு. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் பயம்தான் கூடிற்று. நாலு நல்லது எதற்கு? ஐந்தாவதை நான் நம்புவதற்கு. எடுத்துப் பார்த்தேன். கூட்டின் வாயில், குண்டு செருகிய இடத்தில், நகம் பதிந்த மாதிரி சின்ன நசுங்கல்.

அவருக்கும் ஒன்றுதான் மிச்சம். அதுவரை போட்டது ஆறும் கறுப்பு. எனக்கு வெட்கமே இல்லை.

"தொரை, இத நீங்க போடுங்க. உங்களுது எனக்குக் குடுங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். தோட்டாவையும் பார்த்தார். அந்த நசுங்கல் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. தன்னுடையதை என் பாயில் வைத்துவிட்டு என்னுடையதை வாங்கித் தன் ரைபிளில் போட்டார்.

அவர்தான் முதலில் சுட்டார். குறிப்பலகைப் பக்கம் கொடி ஆடியது. வெள்ளைக் கொடி, கறுப்புக்கு வெளியே என்று அர்த்தம். மாட்டிக்கொண்டான் என்று என் மனசு துள்ளியது, பொய் சொல்வானேன். பிறகு அவர் கொடுத்த தோட்டாவை வைத்து, மூச்சை அடக்கி, விசையை இழுத்தேன். கறுப்பின் ஓரத்தில் விழுந்தது. ஓரமானாலும் கறுப்புதான் என்றார் டிப்டி கலெக்டர்.

கோப்பையைப் போலீஸ் துரை ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். டிரைவர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அருகே போய் நின்றேன்.

"எனக்கு ஏன் தொரை தோட்டா குடுத்தீங்க?"

"உன் பச்சத் தோட்டா வெடிச்சா யார் கண்ணு போவும்? பக்கத்துல படுத்தது நான்தானே" என்றார்.

அதை உடனே நம்பினேன். தன் கண்ணுக்காகச் செய்த காரியம், அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. பிறகு இன்னொன்றும் கேட்டேன்.

"அந்தக் கடைசித் தோட்டா கெட்டதுதானே?"

"தோட்டா நல்லதுதான். நான்தான் கை ஆட்டிட்டேன். நீ போய் உங்க அப்பாவப் பாரு."

அவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் நான் படுத்திருந்தேன். ஏதாவது தில்லுமுல்லு செய்வாரோ என்று அவர் விரலையும் குழலையும் விட்டு என் கண் நகரவே இல்லை. அவர் கை ஆடவில்லை.