அவளிடம் இன்னொரு பேட் இருந்தது

அன்று காலை என் மகளுக்கு ஷட்டில் போட்டி. நரம்பு அறுந்துபோன அவளுடைய பேட்டைத் திருத்தணியிலேயே ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் சரிசெய்யக் கொடுத்திருந்தேன். கேட்கப் போகும்போதெல்லாம் "நாளிக்கு வாங்க" என்றே கடைக்காரர் திருப்பி அனுப்பினார்.

போட்டிக்குக் கிளம்பும் வழியில் மகளோடு போய் நின்றேன். பேட் நரம்பில்லாமல் மூலையில் கிடந்தது. அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நரம்பு கட்டுற மெஷின் ரிப்பேர்மா. வூட்ல ஆம்பளைங்க யாரனா இருந்தா அனுப்புங்க, பேசிக்கிறேன்."

"எங்கிட்ட பேசுங்க. ஆடப்போறவ இதோ நிக்கிறா" என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது. "போலாம்மா, நான் ஆடல" என்று மகள் அழுதாள்.

அப்போது, பக்கத்து ஊரான ஆர்.கே.பேட்டையிலிருந்து இறகுப்பந்து வாங்க வந்திருந்த பெண் ஒருத்தி தன் பையிலிருந்து ஒரு பேட்டை எடுத்து நீட்டினாள். மகள் வயதுதான் இருக்கும்.

"எங்கிட்ட இன்னொன்னு இருக்குது ஆன்ட்டி. இத வெச்சிகினு ஆடட்டும்."

"நீயும் போட்டிக்கு வரியாம்மா?"

"ஆங். போன தபா உங்க பொண்ணு என்ன தோக்கடிச்சா. இன்னிக்கி அவ வரலன்னா நான் யார ஜெயிக்கிறது?"

அந்தப் பெண் சொன்னபடியே என் மகளை ஜெயித்தாள். என் மகள் விட்ட புள்ளிகளுக்கும் என் கைகள் தட்டின.

கடைக்காரர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஆனால் மகளோடு மோதுகிறவர்களை இப்போதெல்லாம் நான் வேறு கண்ணால்தான் பார்க்கிறேன்.