‘மோட்டார் நல்லா இருக்கு’ என்று மேலூரில் சொல்லிவிட்டு வந்தேன்

பொங்கல் முடிந்த வாரம், வியாழக்கிழமை. இரண்டு வருஷமாகக் கோயம்புத்தூரில் உட்கார்ந்து எழுதிய நிரலை நிஜ மோட்டாரில் சோதித்துப் பார்க்கத்தான் மேலூர் போனேன். நல்ல மோட்டார் எப்படி அதிரும் என்ற கணக்கோடு ஒப்பிட்டு, பேரிங் தேய்ந்திருக்கிறதா, தண்டு வளைந்திருக்கிறதா என்று அது சொல்லும். மதுரை மாட்டுத்தாவணியில் காலை 8.10க்கு பஸ், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், ஒன்பது மணிக்கு மேலூர். அங்கிருந்து கல் பட்டறைக்கு ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது, பேரம் பேசியும் குறையவில்லை.

கிரானைட் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டும் இருபது குதிரைத்திறன் மோட்டார் அது. அதன் பக்கத்தில் நின்று கல்லைத் தள்ளிக்கொடுப்பவர் பாண்டியம்மாள். சத்தம் சரியில்லை, பெல்ட் அறுந்து அடித்தால் தன் மேல்தான் விழும் என்று இரண்டு நாளாக அங்கே நிற்க மறுத்திருக்கிறார். முதலாளி கடுப்பில் இருந்தார்.

"சார் பாக்கட்டும். நல்லா இருக்குன்னுட்டா நீ நிக்கணும். இல்லேன்னா வேற ஆளு வரும்" என்றார்.

மோட்டாரை ஓடவிட்டார்கள். அதிர்வை அளக்கும் சென்சாரை ஒட்டிப் பதினைந்து நிமிடம் பதிவு செய்தேன். திரையில் எல்லாம் பச்சை. "மோட்டார் நல்லா இருக்கு" என்றேன், அதுவும் பெருமையாக. பாண்டியம்மாள் தலைத்துண்டை இறுக்கிக் கட்டினார்.

திரும்பும் ஆட்டோவில் மடிக்கணினியைத் திறந்தவனுக்குப் பகீரென்றது. வேகம் நிமிடத்துக்கு 1,496 சுற்று. சுமை ஏறினால் 1,460 பக்கம் இறங்க வேண்டிய மோட்டார். அடக் கடவுளே, இது சும்மா சுற்றியிருக்கிறது! பெல்ட் இழுக்காதபோது பேரிங் மேல் அழுத்தமே இல்லை. கோளாறு இருந்தாலும் எப்படித் தெரியும்? முதலாளிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

"அண்ணே, வண்டியைத் திருப்புங்க!"

"என்ன சார், எதையும் விட்டுட்டு வந்துட்டீகளா?"

"தப்பாச் சொல்லிட்டு வந்துட்டேன்ணே. சீக்கிரம் போங்க."

நான்கு கிலோமீட்டர். வாசலிலேயே கல் அறுக்கும் சத்தம் கேட்டது. மோட்டாருக்கு ஒரு முழம் தள்ளி பாண்டியம்மாள் நின்றிருந்தார். "நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

மோட்டார் நின்றதும், நான் அளந்தபோது பெல்ட் இல்லாமலா ஓட்டினீர்கள் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"ஆமா சார். கல்லு அறுத்தா சேறு அடிக்கும்ல? விருந்தாளி சட்டையில படக்கூடாதுன்னு நீங்க வாரதுக்கு முன்னாடியே கழட்டி வச்சு, நீங்க போனதும் மாட்டிப்புட்டோம்" என்றார் சிரித்தபடி.

பெல்ட்டை மூடியிருந்த தகரத்தைத் திறந்து பார்க்காத என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, பெல்ட்டோடு ஒரே நிமிடம் ஓட்டினோம். திரை முழுக்கச் சிவப்பு. பிரித்தபோது பேரிங்கின் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு துண்டு துண்டாக என் உள்ளங்கையில் கொட்டியது.

கருவியோடு கிளம்புகிறவர்களே, மூடியைத் திறந்து பாருங்கள். சுமையோடு அளவெடுங்கள். மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் வேகத்தோடு அங்கேயே ஒப்பிடுங்கள், ஆட்டோவில் அல்ல. மாற்று உடுப்பு ஒன்று கொண்டுபோங்கள், சேறு பட்டால் படட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர் சொல்வதைக் காதில் வாங்குங்கள்.

கிளம்பும்போது பாண்டியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன், நல்லவேளை திரும்பி வந்தேன் என்றும் சொன்னேன். அவர் என் கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தார்.

"நீங்க வராமலே இருந்திருந்தா, நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன் சார்."