மஞ்சுளாவுக்கு நான் எழுதிய சிபாரிசுக் கடிதம்

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவதுதான் சுலபம். உயிரை வாங்குவது விண்ணப்பம் நிரப்புவது. எல்லாப் பள்ளியிலும் அதற்கென்று ஒரு ஏமாந்த சோணகிரி இருப்பார், உங்களுக்கே தெரியும். தளி பக்கத்து எங்கள் அரசுப் பள்ளியில் அது பிசிக்ஸ் டீச்சராகிய நான். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துக் கோடையில் இரண்டு வாரம் பெங்களூரு ஆராய்ச்சிக்கூடத்தில் தங்கவைக்கிற முகாம் ஒன்று உண்டு. மாவட்டத்துக்கு ஒரே இடம். இந்த வருஷம் அது பிளஸ் ஒன் மஞ்சுளாவுக்குத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

பொழுதுபோக்கு

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். செஸ், கீபோர்டு, ஏதாவது போடேன் என்றேன். எதுவும் தெரியாதாம். சரி, வீட்டுக்குப் போய் என்னதான் செய்வாய் என்று கேட்டேன். போர்வெல் மோட்டார் அடிக்கடி நின்றுபோகிறதாம். ஸ்டார்ட்டர் டப்பாவைத் திறந்து பார்த்து, எந்த நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிறது என்று மூன்று மாதம் நோட்டில் குறித்துவைத்து, தண்ணீர் பாய்ச்சுகிற நேரத்தையே மாற்றச் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் மோட்டார் நிற்கவில்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதையே பொழுதுபோக்கு என்று எழுதலாமே என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"பொழுது போகலைன்னு யாரும் ஸ்டார்ட்டர் டப்பாவத் திறக்க மாட்டாங்க டீச்சர்."

அப்பா கையெழுத்து

அவள் அப்பா முனியப்பா ஜவளகிரியில் தக்காளி போடுகிறவர். மொபட்டில் வந்தார். பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலுமாக ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்டார். முகாமில் என்ன நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற வரி வந்ததும் பேனாவை மூடிவிட்டார். அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவரே பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"யானை வர்ற ஊர்ல இருந்து தெனம் உங்க ஸ்கூலுக்கு அனுப்பறேன். அதுக்கு யாரும் எங்கிட்ட கையெழுத்து கேக்கலயே, டீச்சரம்மா?"

என் திருப்பணி

சிபாரிசுக் கடிதம் என் பொறுப்பு. கம்ப்யூட்டரில் தயாராக ஒன்று வைத்திருக்கிறேன். வருஷாவருஷம் பெயரை மட்டும் மாற்றுவேன். அடக்கமானவள், ஒழுக்கமானவள், சொன்னதைத் தட்டாதவள், எதிர்க்கேள்வி கேட்டதே இல்லை. அனுப்பி முடித்த பிறகுதான் கணக்கு வாத்தியார் செல்வராஜிடம் காட்டினேன். தூத்துக்குடிக்காரர், வாய் சும்மா இருக்காது. இரண்டு தடவை படித்தார்.

"பிள்ளைய கேம்புக்கு அனுப்புதியளா, கெட்டிக் குடுக்கப் போறியளா?"

நேர்காணல்

இதே கடிதத்தோடு போன மூன்று பிள்ளைகளுக்கு முந்தைய வருஷங்களில் இடம் கிடைக்கவில்லை. பெங்களூருக்காரர்களுக்குக் கண் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது சோறு இறங்கவில்லை. அனுப்பியதைத் திருத்தவும் வழியில்லை.

லேபில் என் லேப்டாப்பில்தான் நேர்காணல். மோட்டார் கதையை அழகாகச் சொன்னாள். அப்புறம் கண்ணாடி போட்ட ஒருவர் என் கடிதத்தை எடுத்துக்கொண்டார். நீ எதிர்க்கேள்வியே கேட்கமாட்டாய் என்று உன் டீச்சர் எழுதியிருக்கிறாரே, நிஜமா என்றார். மஞ்சுளா என் பக்கம் திரும்பினாள். நான் டெஸ்ட் டியூப் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

"எதை வெச்சு அப்பிடி எழுதினாங்கன்னு எனக்கும் அவங்கள ஒரு கேள்வி கேக்கணும் சார்."

முடிவு

அந்த ஒரு இடம் அவளுக்கே கிடைத்தது. மெயிலைப் பார்த்ததும் வகுப்பு நடக்கிறதென்றும் பார்க்காமல் ஓடினேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல். அடுத்த வருஷம் அவள் தோழி கீதாவுக்கும் நானே எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மஞ்சுளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

"எழுதறதுக்கு முன்னாடி ஒரு நாளாச்சும் அவகிட்ட பேசிப் பாருங்க டீச்சர்."

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு மார்க் போட்டே பழகிய எனக்கு அன்று ஒருத்தி போட்டுவிட்டாள், சரியாகவே போட்டதால் மறுகூட்டலுக்கும் விண்ணப்பிக்க முடியவில்லை.