பீரங்கிக்காரர் மகனின் அங்கி

யாக்கோபுக்கு நாற்பது வயது தாண்டியபோது பழவேற்காட்டுக் கோட்டையில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் தலைமை அலுவல்களை நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கப்பல் கண்ணில் பட்டால் கொத்தளத்திலிருந்து மரியாதை வேட்டு போடுவது அவன் வேலை. கப்பல் வராத மாதங்களில் பீரங்கிகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பான்.

அவன் அப்பாவும் அந்தக் கொத்தளத்தில் நின்றவர்தான். ஒல்லாந்துக்காரர், இவன் சிறுவனாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். பெற்று வளர்த்த அம்மா பவுனம்மாள் கடலோரக் குப்பத்துப் பெண். அவளும் இப்போது இல்லை. குப்பத்தில் அவனை வெள்ளைக்காரக் கலப்பு என்று சட்டைக்காரன் என்பார்கள், உட்காரச் சொல்லமாட்டார்கள். கோட்டையிலோ உள்ளூர்க்காரர்களோடு சேர்த்து வரிசையில் நிறுத்துவார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து பெரிய அதிகாரி வருவதாகச் செய்தி வந்ததும், கடைத்தெருவில் இருந்த தையற்காரர் துளசிங்கத்திடம் போனான்.

"எங்க நைனா விசேஷ நாள்ல ஒரு நீள அங்கி போடுவாருண்ணே. அதே மாதிரி எனக்கு ஒண்ணு தைக்கணும்."

"அதை எடுத்துக்கினு வா, பார்த்துத் தைக்கிறேன்."

"அவரோடவே புதைச்சிட்டாங்க."

துளசிங்கம் சிரிக்கவில்லை. "அப்போ வாயாலயே சொல்லு. கழுத்து இன்னா மாதிரி?"

யாக்கோபு கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். கறுப்புக் கம்பளித் துணி. முழங்கால் வரை நீளம். கைநுனியில் அகலமான மடிப்பு. மேலிருந்து கீழே நெருக்கமாகப் பித்தளைப் பொத்தான். "நைனா என்னைத் தூக்கிக்கினா கன்னத்துல ஜில்லுனு படும்" என்றான்.

"இப்போ வர்ற தொரைங்க யாரும் இப்படிப் போடறதில்லப்பா. இடுப்பைப் பிடிச்ச மாதிரி இல்ல போடறாங்க?"

"தெரியும். எனக்கு இதான் வேணும்."

துளசிங்கம் முதலில் பழைய பாய்மரத் துணியில் வெட்டிப் பார்த்தார். அதை அவன்மேல் போர்த்தி, தோளை நீவி, முதுகில் தட்டி, "நிமிர்ந்து நில்லு" என்றார். யாக்கோபு நிமிர்ந்து நின்றான். அம்மா போன பிறகு அவனை யாரும் தொட்டதில்லை.

அங்கி முடிந்த பிறகும் அவன் திரும்பத் திரும்ப வந்தான். தோள் இறுக்குகிறது என்றான். அடுத்த முறை முதுகு என்றான். துளசிங்கம் ஒவ்வொரு தடவையும் அவனுக்குப் போட்டுவிட்டுத் தடவிப் பார்த்தார். ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

"இதுல ஒரு பிசகும் இல்லியே, யாக்கோபு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதுக்கின்னா. சும்மாவே வந்து போ" என்றார் துளசிங்கம்.

கப்பல் வந்தது. வேட்டுச் சத்தம் அடங்கியதும் அதிகாரி கொத்தளத்துக்கு ஏறி வந்தார். சின்ன வயசுக்காரர். அங்கியைக் கண்டதும் சொந்த ஊர்ப் பெரியவரைப் பார்த்ததுபோல முகம் மலர்ந்து, தன் மொழியில் மளமளவென்று பேசினார். யாக்கோபுக்கு அந்த மொழியில் தெரிந்ததெல்லாம் பீரங்கிக் கட்டளைகள்தான். அவன் கையை விரித்தான். அதிகாரியின் முகத்தில் மலர்ச்சி மறைந்தது; மொழிபெயர்க்கும் துபாஷைக் கூப்பிட்டார்.

"பாதி பீரங்கியை நாகப்பட்டினத்துக்கு ஏத்தறாங்களாம்" என்றார் துபாஷ். "நீயும் வர்றியானு கேக்கறாரு. உன்ன மாதிரி ஆளுங்க அங்க நெறைய பேர் இருக்காங்களாம்."

யாக்கோபு மாட்டேன் என்று தலையாட்டினான்.

"ஏம்ப்பா போகல?" என்று துளசிங்கம் பிறகு கேட்டார்.

"பவுனம்மா புள்ளைனு சொன்னா இங்க நாலு பேருக்காவது தெரியும். அங்க யாருக்குண்ணே தெரியும்?"

கோட்டைப் பாதிரியாரும் அந்தக் கப்பலிலேயே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் யாக்கோபு அங்கியைப் போட்டுக்கொண்டு கோட்டைக் கோயிலுக்குப் போவான். கதவைத் தானே திறந்து, உள்ளே உட்கார்ந்து, தெரிந்த ஒரே ஜெபத்தைத் தமிழில் சொல்வான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, சித்திரை வெயிலானாலும் அங்கியைக் கழற்றாமல், ஏரிக்கரையோரமாக வீட்டுக்கு நடப்பான்.