கால்சாவில் ஒரு காய்ந்த அறை

பலெர்மோவுக்கு வந்த புதிதில், காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் நான் செய்த வேலை சுவர் துடைப்பது. மனிதர்களைவிட இந்த ஊர்ச் சுவர்களுக்குத்தான் அதிகம் வியர்க்கும். கடலோரக் கால்சாவில் பழைய கட்டடமொன்றின் தரைமட்டத்து அறையில் நானும் கணவரும் இருந்தோம். அதற்குக் கீழே, உடைந்த கதிரைகள் நிறைந்த ஒரு நிலவறை. யாழ்ப்பாணத்திலிருந்து என் தங்கை வசந்தி வருவது உறுதியானபோது, வீட்டுக்காரி சிஞ்ஞோரா ரோசா அந்த நிலவறைக் கதவின் திறப்பை என் கையில் தந்தாள். திருத்தினால் தங்கைக்கு ஒரு அறை ஆயிற்று.

வசந்திக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மாரி தொடங்கினால் நெஞ்சு விசிலடிக்கும். அவளை ஈரச் சுவர்களுக்கு நடுவில் எப்படிப் படுக்கவைப்பது?

சுவரைத் தடவிப்பார்த்த சிஞ்ஞோரா, "லாக்வா சாலே" என்றாள். நான் பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டில் சமைக்கிறவள். எனக்குத் தெரிந்த இத்தாலியன் எல்லாம் குசினி இத்தாலியன். லாக்வா தண்ணீர், சாலே உப்பு.

"உப்புத் தண்ணியாம். கடல் உள்ளுக்கு வருதப்பா!" என்றேன் கணவரிடம்.

பகேரியாவில் ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தில் வேலை செய்த அவர், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மினக்கெட்டு, கடல் பக்கத்துச் சுவருக்கு மட்டும் தார் மாதிரி ஒரு கறுப்புப் பூச்சை அப்பினார். மாதம் முடிவதற்குள் பூச்சு பொரித்த அப்பளம்போலக் கொப்புளித்தது. மற்ற மூன்று சுவர்களிலும் கணுக்கால் உயரத்துக்கு ஈரம்.

சிஞ்ஞோரா வந்து பார்த்துத் தலையில் கைவைத்தாள். "சாலே! சாலே!" என்று கத்தினாள். "ஓம், உப்பு, உப்பு" என்று நாங்களும் தலையாட்டினோம். அவள் மேலே போய் ஒரு கோப்பைப் பால்கோப்பியும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். எங்களுக்காக்கும் என்று நான் கை நீட்ட, அவள் தரவில்லை. பிஸ்கட்டின் நுனியை மட்டும் கோப்பியில் தொட்டுப் பிடித்தாள். கோப்பி பிஸ்கட்டில் மெல்ல மெல்ல மேலே ஏறியது. "சாலே" என்றாள், விரலையும் மேலே உயர்த்தி.

உப்புக்கும் சாலே, ஏறுவதற்கும் சாலே! தண்ணீர் கடலிலிருந்து வரவில்லை. நிலத்திலிருந்து கல்லுக்குள்ளால் ஏறியிருக்கிறது. ஊரில் வாளியை விட்டு இழுத்தால்தான் தண்ணீர் மேலே வரும். இங்கே கேட்காமலே ஏறி வருகிறது. நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் அந்தப் பிஸ்கட் உடைந்து கோப்பிக்குள் விழுந்தது.

பிறகு ஒழுங்காகத் தொடங்கினோம். பூச்சையும் பழைய சாந்தையும் சுரண்டி, கோடை முழுவதும் கல்லை வெறுமையாகக் காயவிட்டோம். அதை அடைக்கக்கூடாது, காற்றோட்டம் வேண்டும் என்று சிஞ்ஞோரா விடாமல் சொன்னாள். தரைக்குத் தடித்த பொலித்தீன் விரித்து, மேலே பலகை அடித்தோம். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி மரச்சட்டம் நிறுத்தி, அதில் தக்கைப் பலகையையும் சுண்ணப் பலகையையும் பொருத்தினார் கணவர். இடைவெளியில் காற்று ஓட மேலும் கீழும் துளைகள் விட்டார். நான் இளமஞ்சள் பூசினேன்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் வசந்தி வந்தாள். படியில் இரண்டடி இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இஞ்சையும் பங்கரோ?"

ஊரில் எங்கள் வளவில் வெட்டிய பதுங்குகுழிக்குள், குண்டு விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டு நாங்கள் இருவரும் குந்தியிருந்திருக்கிறோம். மாதக்கணக்காக ஈரத்தையே யோசித்த எனக்கு அது நினைவுக்கு வரவேயில்லை. வசந்தி மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் மேலை, உங்களோடை நிலத்திலை படுக்கிறன்."

அந்த நேரம் சிஞ்ஞோரா எங்களை விலக்கிக்கொண்டு கீழே போனாள். புதுக்கட்டிலில் தொப்பென்று இருந்து, சப்பாத்தைக் கழற்றி, முழங்காலைத் தேய்த்தபடி கதைக்கத் தொடங்கினாள். நிறுத்தவில்லை.

"என்னவாம்?" என்றாள் வசந்தி.

"முழங்கால் நோவாம். மாரியிலை கூடவாம்."

"எங்கடை அம்மா மாதிரித்தான்." வசந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு படி இறங்கினாள். பிறகு இன்னொன்று. கடைசியில் சிஞ்ஞோராவுக்குப் பக்கத்தில் இருந்து, ஒரு சொல்லும் விளங்காமல், அவளுடைய முழங்காலைப் பிடித்துவிட்டாள்.

முதல் மழைக்குச் சுவர் காய்ந்தே இருந்தது. வசந்தியின் நெஞ்சும் விசிலடிக்கவில்லை. நான் தினமும் போய்க் காதை வைத்துக் கேட்டேன், முதலில் சுவரில், பிறகு அவளில்.

அந்த அறைக்கு ஒரேயொரு சன்னல். உள்ளே கூரையோரம், வெளியே தெருமட்டம். ஒரு வருடத்துக்குள் வசந்திக்கு முழுத் தெருவும் பழக்கம். கதிரையில் ஏறி, தலையை வெளியே நீட்டி, போகிற வருகிற எல்லோருடனும் கதைப்பாள். நேற்றும் அப்படித்தான் நின்றாள். திடீரென்று, "பியோவே, சிஞ்ஞோரா, பியோவே!" என்று எதிர்வீட்டுக்காரியைப் பார்த்துக் கூவினாள். அதே மூச்சில் உள்ளே குனிந்து, "அக்கா, மழை வருது, உடுப்பை எடுங்கோ!" என்றாள். அவளுடைய தலைமயிர் பலெர்மோ மழையில் நனைந்திருந்தது. கதிரையில் ஊன்றிய கால்விரல்கள் எங்கள் அறைக்குள் காய்ந்தே இருந்தன.