அம்மாரின் பன்னிரண்டு கற்கள்

பதினாறு வருடம் கடல்மேலேயே வேலை பார்த்தும் கால் நனையாத மனிதர் கெர்கெனா தீவில் ஒருவர்தான் உண்டு. அவர் அம்மார். ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கும் தீவுக்கும் இடையே ஓடும் ஃபெர்ரியில் வண்டிகளை வரிசைப்படுத்தி நிறுத்துவது அவர் வேலை. கையை ஆட்டி ஆட்டி, வெங்காய லாரியையும் கல்யாணக் காரையும் ஒரு சாண் இடைவெளியில் செருகிவிடுவார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் பிறந்தது உள்நாட்டில், ஆட்டையும் சப்பாத்திக்கள்ளியையும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத மேட்டுநிலத்தில். வஸீலாவைக் கல்யாணம் செய்துகொண்டு தீவுக்காரராகிவிடலாம் என்று வந்தார். தீவு அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.

அவருடைய பெரிய குறை, கேள்வி கேட்பது. தீவில் பிறந்தவர்கள் கடலைப் பற்றிக் கேட்பதில்லை, அவர்களுக்குத் தெரியும். அம்மார் கேட்பார். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் மட்டும் கடல் ஏன் இவ்வளவு தூரம் உள்வாங்குகிறது? அதற்கு ஏன் உயிர்த்தண்ணீர் என்று பெயர்? நடுவில் வரும் நாட்களை ஏன் செத்த தண்ணீர் என்கிறார்கள், அந்த நாட்களில்தானே தண்ணீர் கரையிலேயே நிற்கிறது? டீக்கடையில் இதைக் கேட்டால் பதில் வராது, சிரிப்புத்தான் வரும்.

சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஆக்டோபஸ் விஷயம். தீவில் பத்து வயதுப் பையன்கூடப் பொந்துக்குள் கையை விட்டு ஒரு ஆக்டோபஸை வெளியே இழுத்திருப்பான். அம்மாருக்கு நாற்பத்தாறு வயது, ஒன்றுகூடப் பிடித்ததில்லை. இதை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்வதில்லை, மைத்துனர் ஷாத்லியைத் தவிர. ஷாத்லி முகத்துக்கு நேரே மட்டுந்தான் சொல்வார்.

போன வருடத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அம்மார் ஒரு முடிவுக்கு வந்தார். கொத்தனாரிடம் மிச்சமான பன்னிரண்டு ஹாலோ பிளாக் கற்களை வாங்கி, ஆளில்லாத நேரமாகப் பார்த்துத் தள்ளுவண்டியில் ஏற்றி, கிழக்குப் பக்கம் யாரும் போகாத ஒரு மூலையில் கடலுக்குள் கொண்டுபோய் வைத்தார். ஆக்டோபஸுக்குப் பொந்து கிடைத்தால் போதும், தானாக வந்து குடியேறிவிடும். ஒருவர் வைத்த கல்லை இன்னொருவர் தொடமாட்டார். வைத்த இடத்தைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. இதெல்லாம் தீவின் வழக்கம். அம்மார் ஒன்று விடாமல் கடைப்பிடித்தார்.

அதற்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை லீவும் உயிர்த்தண்ணீரும் சேர்ந்து வரும்போதெல்லாம் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு பொந்திலும் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. இரண்டு குளிர்காலம் முழுக்க ஒன்றுமில்லை. வீட்டில் மட்டும் பார்லி ரவையில் செய்த குஸ்குஸ்மேல் ஆக்டோபஸ் வந்துகொண்டே இருந்தது. "அண்ணன் குடுத்தனுப்பினான்" என்பாள் வஸீலா. அம்மார் தலையைக் குனிந்துகொண்டு தின்பார். நன்றி சொன்னால் அதற்கும் ஒரு கிண்டல் வரும் என்று ஷாத்லியிடம் அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

கல் வைத்த கதை ஊருக்கே தெரியும், இடம் மட்டுந்தான் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் ஷாத்லி வழக்கம்போல ஆரம்பித்தார்.

"என்ன மாப்ள, கல்லு குட்டி போட்டுச்சா?"

அம்மாருக்குச் சுருக்கென்றது. வாய் முந்திக்கொண்டது. "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க. ஒண்ணாவது எடுத்துக் காட்டலைன்னா அத்தனை கல்லையும் தூக்கிட்டு வந்து கோழிக்கூடு கட்டிடறேன். அப்புறம் கடல் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன்."

சொல்லியாகிவிட்டது. வஸீலா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி பிய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் கடல் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டிருந்தது. மார்ச் மாத வெயில், கணுக்காலளவு தண்ணீர். அம்மார், வஸீலா, பத்து வயது மகள் சிரீன், ஷாத்லி, கூடையில் ரொட்டி, ஆலிவ், அவித்த முட்டை, ஃப்ளாஸ்கில் டீ. எல்லாருக்கும் முன்னால் ஸர்பூத். ஸர்பூத் என்றால் பம்பரம். இரண்டு வருடம் முன்னால் யாரோ லாரிக்காரர் ஃபெர்ரியில் விட்டுப்போன நாய்க்குட்டி. தன் வாலைத் தானே துரத்திச் சுற்றியதைப் பார்த்துச் சிரீன் வைத்த பெயர்.

போகும் வழியெல்லாம் அம்மார் வந்த வேலையை மறந்துவிட்டார். மணலில் சேமியா பிழிந்துவிட்டதுபோல் குவிந்திருப்பது என்ன? புழு தின்று கழித்த மண் என்றாள் வஸீலா. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து ஏன் கிடக்கிறது? அது வஸீலாவுக்கும் தெரியவில்லை. கடல் அட்டை ஒன்றைக் கையில் எடுத்தார். அது அவர் சட்டைக் கைக்குள்ளேயே தண்ணீரைப் பீய்ச்சியது. சிரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். கடற்புல்லுக்குள் ஊர்ந்த, ஓடில்லாத நத்தை மாதிரியான கடல் முயலை ஸர்பூத் முகர்ந்தது, அது ஊதா மையைக் கக்கியது, நாயின் மூக்கு ஊதாவானது.

"பாபா, இந்த மை எதுக்கு?"

"நம்ம மாதிரி ஆளுங்க மூக்கை நுழைக்காம இருக்கத்தான்" என்றார் அம்மார்.

"உங்க அப்பன் மூக்கு இன்னும் ஊதாவாகலையே, அதான் அதிசயம்" என்றார் ஷாத்லி.

ஷாத்லியின் மீன்வேலி தெற்கே இருந்தது. பேரீச்ச மட்டைகளைக் கடலடியில் நட்டுக் கட்டியது, இரண்டு கையை விரித்ததுபோல் நீண்டு, மீனை ஒரு முனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலி. பொறியில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்கச் சிரீனை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். "நீ போய் உன் கல்லை எழுப்பு மாப்ள. நாங்க பின்னாடியே வர்றோம், ஓடி ஒளிஞ்சுடாதே."

அம்மார் கிழக்கே திரும்பினார். வஸீலா கூடையைக் கையில் மாற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். ஸர்பூத் இருவரையும் தாண்டி ஓடியது.

நூறு அடி போனதும் அம்மார் நின்றுவிட்டார். நாய் இங்குமங்கும் அலையவில்லை. மேடான மணலில் ஏறி, ஆழமான வாய்க்காலைச் சுற்றிப் போய், நேராக அவருடைய ரகசிய மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதை ஒருநாளும் அங்கே கூட்டி வந்ததில்லை. நாய் குரைத்து இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் முற்றத்தில் கட்டிவிட்டுத்தான் வருவார்.

"இவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"நாய்க்கு மோப்பம் இல்லாமலா?" என்றாள் வஸீலா.

"மோப்பம் புடிச்சா மூக்கைக் கீழ வச்சுட்டுப் போகணும். இவன் வீட்டுக்குப் போற மாதிரில்ல போறான்."

ஸர்பூத் முதல் கல்லைப் பார்க்கவில்லை. இரண்டாவதையும் பார்க்கவில்லை. ஏழாவது கல்லிடம் போய், தண்ணீரில் பின்பக்கம் நனைய உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தது. அம்மாரை அல்ல. வஸீலாவை.

கல்லின் வாசலில் உடைந்த நண்டு ஓடுகளும் காலி மட்டிகளும் குவிந்திருந்தன. இந்தக் குப்பை எல்லாக் கல்லின் முன்னாலும் கிடப்பதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார், அலை ஒதுக்கியது என்று நினைத்திருந்தார். இப்போது குனிந்து ஒரு காலி மட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னதாக, ஊசியால் போட்டதுபோல் ஒரு துளை. பொந்துக்குள் யாரோ உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாசலில் எச்சில் இலையைப் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் குடித்தனம் இருந்திருக்கிறது.

"நீ எப்பல்லாம் இங்க வருவே?"

வஸீலா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நீ ஃபெர்ரிக்குப் போற நாள்ல. மூணாவது கல்லுல எப்பவும் சின்னதுதான் வரும், அதை விட்டுடுவேன். ஏழுல பெருசு. குடலை இவனுக்குப் போடுவேன், அதான் உக்காந்திருக்கான்."

"அப்போ ஷாத்லி குடுத்தனுப்பினதெல்லாம்?"

"அவன் என்னிக்குக் குடுத்தான்?"

"ரெண்டு வருஷமா" என்றார் அம்மார், குரல் உயர்ந்தது, "ரெண்டு வருஷமா என் ஆக்டோபஸை நானே தலையைக் குனிஞ்சுட்டுத் தின்னுட்டிருந்திருக்கேன்! ஊரே சிரிக்குது, நீயும் பார்த்துட்டிருந்தியே வஸீலா!"

அவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். அவள் கையை நீட்டிக் காட்டினாள். தண்ணீருக்கு மேல் ஒரு விரல்கடை நீட்டிக்கொண்டு இருந்த கறுத்த கட்டை ஒன்று, வெகுதூரம் தள்ளி இன்னொன்று. மட்கிய பழைய மீன்வேலியின் மூளிகள்.

"அந்தக் கட்டையிலிருந்து இந்தக் கட்டை வரைக்கும் எங்க அப்பா கடல். உனக்குத் தெரியாது. தெரியாமதான் கல்லை இங்க கொண்டுவந்து வச்சே."

அம்மாருக்கு உண்மையிலேயே தெரியாது. மேட்டுநிலத்தில் நிலத்துக்குப் பத்திரம் உண்டு. இங்கே கடலுக்கும் உண்டு, அதுவும் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும். வஸீலாவின் அப்பா இறந்தபோது அவளுக்கும் ஒரு பங்கு வந்தது. நாற்பதாம் நாள் அவள் அதை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தாள். தீவில் எல்லாப் பெண்களும் எழுதிக் கொடுப்பார்கள். அப்போதுதான் பெருநாளைக்கு அண்ணன் வீட்டுக் கதவு திறந்திருக்கும்.

"கையெழுத்துப் போடுன்னு யாரும் கட்டாயப்படுத்தலை. வேணுமான்னு யாரும் கேக்கவும் இல்லை" என்றாள். "உன் கல்லு எங்க இருக்குன்னு பார்க்கத்தான் ஒருநாள் வந்தேன். பார்த்தா அப்பா கடல். கல்லு புருஷனோடது, கடல் அப்பாவோடது. எடுத்தா யாருக்கு என்னன்னு தோணுச்சு. எடுத்தேன். அப்புறம் நிறுத்த முடியலை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ சந்தோஷத்துல ஃபெர்ரி முழுக்கச் சொல்லியிருப்பே. அண்ணன் காதுக்கு அன்னிக்கே போயிருக்கும்."

அது உண்மை. கோபம் இருந்த இடத்தில் இப்போது வெட்கம் வந்து உட்கார்ந்தது. இத்தனை கேள்வி கேட்கிற மனிதர், உனக்கு வேண்டுமா என்ற இந்த ஒரு கேள்வியை அவளிடம் கேட்கவே இல்லை.

தூரத்தில் ஷாத்லியின் குரல் கேட்டது. சிரீனுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டு இந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார். வஸீலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அம்மார் முழங்காலிட்டு ஏழாவது கல்லுக்குள் கையை விட்டார். முதலில் குளிர்ந்த தண்ணீர். பிறகு எதுவோ விரல்நுனியைத் தொட்டது, விட்டது, மறுபடி தொட்டது. பிடிக்கவில்லை, விசாரித்தது. ஒவ்வொரு விரலாகச் சுற்றிப் பார்த்தது, மோதிரத்தைத் தடவிப் பார்த்தது, அதற்குப் பிறகுதான் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. பதினாறு வருடம் தீவு கொடுக்காத கை, இப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும், நாளைக் காலை டீக்கடையில் எல்லாரும் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுப்பார்கள்.

"அட, இதுதானா உன் ரகசிய இடம்!" ஷாத்லி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "எங்க அப்பாவே வேண்டாம்னு விட்ட மூலை மாப்ள! நண்டுகூட இங்க வந்தா அழுதுட்டுப் போயிடும். சரி, பாரு, நல்லாப் பாரு. ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் சொல்லு, நாளைக்கே ஆக்டோபஸ் புடிக்கிற பானை நூறை இங்க இறக்கிடறேன். நம்ம கடல்தானே."

சிரீன் ஓடிவந்து பக்கத்தில் குந்தினாள். கண் விரிந்திருந்தது. "பாபா, இருக்கா?"

ஷாத்லியைக்கூட அம்மார் சமாளித்திருப்பார். இந்தக் கண்ணைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நிமிர்ந்து வஸீலாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, மட்கிய கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லடா கண்ணு" என்றார். "வெறும் தண்ணி."

கல்லுக்குள் இன்னொரு கால் வந்து அவர் முழங்கைப் பக்கம் ஏறியது. அவர் இடது கையை உள்ளே விட்டு, வட்டம் வட்டமாக ஒட்டியிருந்த உறிஞ்சிகளை ஒவ்வொன்றாக உரித்தெடுத்தார். ஒவ்வொன்றும் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. சத்தம் வெளியே கேட்காமலிருக்க இருமினார். சளி பிடித்துவிட்டதா என்று கேட்டார் ஷாத்லி.

"கடல்காத்து ஒத்துக்கலை மச்சான்."

"பதினாறு வருஷம் கழிச்சா? சரி விடு. கோழிக்கூட்டுக்குக் கதவு நான் செஞ்சு தர்றேன்." ஷாத்லிக்கு இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை அமையாது. சிரீனைத் தோளில் தூக்கிக்கொண்டு, இன்று யார் யாருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று உரக்கப் பட்டியல் போட்டபடியே கரையை நோக்கி நடந்தார். ஸர்பூத் மட்டும் ஏழாவது கல்லை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு அவர்கள் பின்னால் ஓடியது.

அம்மார் சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். மணிக்கட்டில் சிவப்பு வட்டங்கள் வரிசையாக இருந்தன. வஸீலா பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"கல்லைத் தூக்கலைன்னா அண்ணன் கேப்பானே" என்றாள்.

"கேக்கட்டும். மேட்டுக்காரன் சோம்பேறின்னு சொல்லட்டும். ஏற்கெனவே சொல்றதுதானே." அம்மார் இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் விரிந்து கிடந்த தண்ணீரை ஒருமுறை அளந்து பார்த்தார். "வஸீலா, உன் கடல்ல இன்னும் ரெண்டு கல்லு வச்சுக்கட்டுமா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கிறாரோ என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வடக்கால வை" என்றாள். "தெக்கால வச்சா மணல் மூடிடும்."